முட்டைக்கு நின்ற கோழி

கோழி முட்டைக்கு நின்றுவிட்டால் காரணம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. காரணங்கள் வாசலுக்கே வரும்.

எங்கள் வீடு திண்டுக்கல்லுக்கு வெளியே, ஊர் முடிந்து காலி மனைகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கொல்லையில் நான்கு நாட்டுக்கோழிகள்: செவலை, கருப்பி, சாம்பலி, வெள்ளச்சி. ஐப்பசி பிறந்ததும் நான்கும் சொல்லிவைத்தாற்போல் நிறுத்திவிட்டன. என் மனைவி காலைப் பேப்பரில் வரும் நாமக்கல் முட்டை விலையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பைசா சுத்தமாகப் போட்டிருப்பார்கள். நம் வீட்டு முட்டையின் அடக்கவிலை என்ன என்று அவள் கேட்டபோது, கம்புக்கும் நொய்க்கும் ஆன செலவை முட்டையின் எண்ணிக்கையால் வகுக்கப் பார்த்தேன். பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கோழி நன்றாக இட்ட காலத்திலும் அவளுக்குக் குறைதான். தினம் ஒன்று வர வேண்டாமா என்பாள். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு கட்டுவதற்கு மட்டுமே 20 மணி நேரம் போய்விடும். ஆண்டவன் நாளுக்குக் கொடுத்திருப்பதோ 24. ஆகவே இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கு இடும், அப்புறம் பத்துக்கு. இப்படியே பிந்திப் பிந்தி ஒரு நாள் இடாமலே இருந்துவிடும். தாமத வருகை சேர்ந்து தற்செயல் விடுப்பில் கழியும் இந்தக் கணக்கு, அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளிய எனக்கு உடனே பிடிபட்டது. அவளுக்குப் பிடிபடவில்லை.

முதல் காரணத்தைக் கொண்டுவந்தவர் பால்காரர்.

"சேவல் இல்லாத வீட்ல கோழி யாருக்காக சார் முட்டை போடும்?"

குஞ்சுக்குத்தான் சேவல் வேண்டும், முட்டைக்கு வேண்டாம், நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் சேவலின் முகத்தையே பார்க்காமல் இட்டுத் தள்ளுகின்றன என்று விளக்கினேன்.

"அது பண்ணைக் கோழி சார். இது குடும்பக் கோழி" என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்தார்.

எதிர்வீட்டு அக்கா திருஷ்டி என்றார். சொன்னதோடு நிற்காமல் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோத்துக் கூண்டு வாசலில் கட்டினார். பொழுது சாய்வதற்குள் கோழிகள் எலுமிச்சையை மட்டும் விட்டுவைத்து மிளகாயைக் கொத்தித் தின்றுவிட்டன. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. இதை நான் சொன்னபோது, திருஷ்டி கழிந்ததற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும் என்று கேட்டார் அக்கா.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகன் போனிலேயே நோயைக் கண்டுபிடித்தான். "வெளிச்சம் பத்தல சித்தப்பா." அவன் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. வெளிச்சம் கோழியின் மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்குப் போய்த்தான் முட்டைக்கான சுரப்புகளைத் தட்டி எழுப்புகிறது. பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கோழிக்கு உற்சாகம். குளிர்நாடுகளில் மார்கழிப் பகல் சுருங்கும்போது கோழி மூட்டை கட்டிவிடும். பண்ணைக்காரர்கள் பல்பு போட்டு 16 மணி நேரம் ஆக்குகிறார்கள். ஆனால் திண்டுக்கல்லில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்காகவா நான்கும் நிறுத்தும்? இருந்தாலும் படித்த பிள்ளை சொல்கிறானே என்று கூண்டில் பல்பு மாட்டினேன். மழைக்கால ஈசல் மொத்தமும் அங்கே வந்து விழுந்தது. கோழிகள் இரவு பத்து மணிவரை விருந்து சாப்பிட்டன. முட்டை வரவில்லை. அடுத்த தெருச் சேவல் ஒன்று மட்டும் குழம்பிப்போய் நடு இரவில் கூவியது.

தீபாவளிக்கு நத்தத்திலிருந்து மாமியார் வந்தார்.

அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. அந்தக் கால மரியாதை. எதுவானாலும் மகளிடம்தான் சொல்வார், எனக்குக் கேட்கும்படி. வந்த மறுநாள் விடியற்காலையில், கூண்டைத் திறக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டார். முதலில் எச்சத்தைப் பார்த்தார். வெள்ளைக்கழிச்சல் வந்தால் முட்டை நிற்பதோடு போகாது, கூண்டே காலியாகும். கால்நடை மருத்துவர்கள் அதை ராணிக்கெட் நோய் என்கிறார்கள். இமயமலைப் பக்கத்தில் அழகான ஊராம், வேறு எதற்குமே நம் ஊரில் அதன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எச்சம் கெட்டியாக இருக்கவே, ஒவ்வொரு கோழியாக இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கொண்டையைத் தடவினார். இடுகிற கோழிக்கு அது சிவந்து தடித்திருக்கும். நின்ற கோழிக்கு வெளுத்துச் சுருங்கிவிடும். அப்புறம் வாலைத் தூக்கி, பின்பக்கத்து இரண்டு எலும்பு நுனிகளுக்கு நடுவில் விரல்களை வைத்து அளந்தார். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் கோழி வேலையில் இருக்கிறது. ஒரு விரலுக்கே இடமில்லையென்றால் இல்லை. அதற்கடுத்த சோதனைக்குச் சுண்டுவிரல் உள்ளேயே போயிற்று. நான் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளைக்குச் சொல்லுத்தா. கருப்பி நிக்கவே இல்ல. ஓடு கட்டின முட்டை உள்ளுக்குள்ள இருக்கு. எங்கயோ களவாப் போடுது."

கருப்பியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துப் போட்டோம். முட்டை முட்டிக்கொண்டு வர, அவள் உள்ளே சுற்றிச் சுற்றிக் கத்தும்போது திறந்துவிட்டுப் பின்னாலேயே போக வேண்டும் என்பது உத்தரவு. போனேன். நான் வருவதை அவள் கவனித்துவிட்டாள். முருங்கை மரத்தடியில் குப்பையைக் கிளறினாள். கால்நீட்டிச் சோம்பல் முறித்தாள். முட்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத முகத்தோடு என்னைப் பார்த்தாள். நானும் செல்போனைப் பார்ப்பதுபோல் நின்றேன். சட்டென்று சுவரேறிக் குதித்துக் காலி மனைக்குள் ஓடினாள். அங்கே கிழிந்து மடங்கிக் கிடந்த பழைய தேர்தல் ஃபிளெக்ஸ் பேனருக்கு அடியில் நுழைந்தாள். வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைகளுக்குக் கீழே பதினோரு முட்டைகள். தொகுதிக்கு அவர் செய்த நன்மையில் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்.

தண்ணீரில் போட்டதில் நான்கு மிதந்தன. உள்ளே காற்றறை பெருத்துப்போன பழைய முட்டைகள். மற்றவை ஆம்லெட் ஆயின.

செவலைக்கு வேறு சமாசாரம். அவள் இறகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பாதி இல்லை, வாலில் ஒன்றுமே இல்லை. தப்பித்து வந்த பிரியாணிக் கோழியா என்று பேத்தி கேட்டாள். இறகில் நூற்றுக்கு 85 பங்குக்குமேல் புரதம். புதுச் சட்டை தைக்கிற இரண்டு மூன்று மாதமும் உடம்பு முட்டைக்குப் புரதம் ஒதுக்காது. கரையான் கொடுங்கள் என்றார் மாமியார். மண்பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் ஈரமாக அடைத்து, புற்றுப் பக்கம் கவிழ்த்துவைத்தோம். காலையில் பானை நிறையக் கரையான். "வீட்டுக்குக் கரையான் மருந்தடிக்க ஒருத்தனுக்குக் காசு கொடுத்தோம். இப்ப நாமளே கரையான் வளக்குறோம்" என்றாள் மனைவி. செவலை அதையெல்லாம் காதில் வாங்காமல் தின்றாள்.

சாம்பலி அடைக்குப் படுத்திருந்தாள், பேத்தியின் பழைய ரப்பர் பந்தின்மேல். கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு உறுமினாள். நாட்டுக்கோழி முட்டை இடுவதே இந்தப் படுக்கைக்காகத்தான். பத்துப் பதினைந்து இட்டதும் படுத்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சு மேய்ப்பு என்று மாதங்கள் ஓடினால், வருடத்துக்கு 60, 80 முட்டை தேறினால் அதிகம். பண்ணை வெள்ளைக்கோழி 300-ஐத் தாண்டுகிறது என்றால், அடை என்கிற ஆசையையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டிவிட்டார்கள் என்பது முக்கிய காரணம். அடையைத் தெளியவைக்க வைத்தியம் உண்டு: வாளித் தண்ணீரில் முக்குவார்கள், மூக்குத் துளையில் அதன் இறகையே செருகுவார்கள். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆசையாப் படுத்த பிள்ளைய ஏன் பாடாப் படுத்தணும்? முட்டை வாங்கி வைத்தா."

குஞ்சு பொரிக்கும் முட்டைக்குச் சேவல் உள்ள வீடு வேண்டுமே. பால்காரரிடம் போனேன். ஒன்பது முட்டைக்கு அவர் சொன்ன விலையைப் பேப்பரில் போட்டால் நாமக்கல்லில் கடையடைப்பு நடக்கும். பேசாமல் கொடுத்தேன். கூடையில் மணல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கலங்காதிருக்க அடுப்புக்கரியும் இரும்பு ஆணியும் காய்ந்த மிளகாயும் போட்டு, சாம்பலியை உட்காரவைத்தார் மாமியார். இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பல்பு மாட்டியவனுக்கு அந்த உரிமை கிடையாது.

மிச்சம் வெள்ளச்சி. நாலு வயது தாண்டிவிட்டாள். முதல் இரண்டு வருடத்தோடு கோழியின் நல்ல காலம் குறைய ஆரம்பிக்கும். மாமியார் எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே இறக்கிவிட்டார்.

"இது ரிட்டயர் ஆயிருச்சுத்தா. இனி தீனிக்குத் தண்டம். கொழம்பு வச்சுரலாம்."

மனைவி வெள்ளச்சியைப் பார்த்தாள். பிறகு, ஈஸிசேரில் பேப்பரோடு இருந்த என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்த வீட்டில் அந்த மாதிரி ஒரு முன்னுதாரணம் ஏற்படுவதை நான் கடுமையாக எதிர்த்தேன்.

வெள்ளச்சி கொல்லையில்தான் மேய்கிறாள். ஜனவரியிலும் ஜூலையிலும் எனக்கு அகவிலைப்படி ஏறும்போது அவளுக்கும் ஒரு பிடி கம்பு கூடுகிறது.