காட்டுப்பாக்கத்து எழினி: வாடகை வீட்டு ஜன்னல் திரை பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுக் களம், போரூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே காட்டுப்பாக்கத்தில், ட்ரங்க் ரோட்டை ஒட்டிய தெருவில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஜன்னல்கள் ஐந்து. பாத்ரூம் வென்டிலேட்டர்களைச் சேர்க்கவில்லை. அவற்றில் இரண்டு கண்ணாடிப் பட்டைகள் காணாமல் போயிருக்கின்றன. அது தனி ஆய்வுக்குரியது. ஆய்வுக் காலம் பதினோரு மாதம். ஏன் பதினோரு மாதம் என்று வாடகைக்கு இருந்த யாரும் கேட்க மாட்டார்கள். நிதி நல்கை எதுவும் பெறப்படவில்லை. நல்கியது உண்டு, அது அட்வான்ஸ் என்ற பெயரில் ஓனரிடம் இருக்கிறது.

ஜன்னலுக்குத் திரை தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்டால் நிறம், துணி, சுவருக்கு எடுப்பு என்று ஆரம்பிப்பார்கள். அது சொந்த வீட்டுக்காரர்களின் மரபு. வாடகை வீட்டில் திரையைத் தேர்ந்தெடுப்பவர் குடிவந்தவர் அல்லர்; அவருக்கு முன்பு குடியிருந்து காலி செய்து போனவர். அவர் சுவரில் எங்கே ஓட்டை போட்டாரோ அங்கேதான் நம் திரை தொங்கும். அவர் போடாத ஜன்னலில் தொங்காது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். வேறு பெயர் கிடைக்கும்வரை இதை முன்னோர் ஓட்டைக் கோட்பாடு என்க.

முதலில் சொல்லாராய்ச்சி. ஜன்னல் என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். அதற்கு முன்பே நம்மிடம் சாளரம் இருந்தது, பலகணி இருந்தது, காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். காட்டுப்பாக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவ்வழியே வருவது எது என்பதைக் கருதினால் கொசுவதர் என்று திருத்திக்கொள்வது பொருந்தும். அதை மறைக்கும் துணிக்குத் திரைச்சீலை என்று எழுதுவார்கள், கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. 'ஸ்க்ரீன் துணி' என்றால்தான் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

திரை வகைகளைப் பற்றித் தமிழில் முன்னரே வந்த ஆய்வு ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் மேடைக்கு மூன்று எழினிகள் சொல்லப்படுகின்றன. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்று பூந்தமல்லியில் எந்த ஃபர்னிஷிங் கடைக்குள் போனாலும் இதே மூன்றைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்: ஒற்றைத் துணி, ஜோடித் துணி, ரோலர் பிளைண்ட். இடையில் பெரிய முன்னேற்றம் ஏதும் நடந்துவிடவில்லை என்பது தெளிவு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மாதவியின் மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம். அந்தக் கோலுக்குப் பெருவிரல் அளவில் இருபத்து நான்கு என்று கணக்கு வைத்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் மேஸ்திரி அப்படி எந்தக் கோலையும் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஹால் ஜன்னல் நாலடி ஒன்பது அங்குலம். அதே ஜன்னல்தான் என்று அவர் நினைத்துக் கட்டிய படுக்கையறை ஜன்னல் நாலடி ஆறரை.

இனி களப்பணி. சாவி கொடுத்த அன்றைக்கே ஓனர் அம்மா சொன்னார்: "தம்பி, ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கோம்." வாடகை உடன்படிக்கையில் இல்லாத இந்த ஒரு வரிதான் உடன்படிக்கை முழுவதையும்விட வலுவானது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் பின்னிணைப்பில் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது ஓனர் பொறுப்பு. கொசுவலை மாற்றுவதும் உடைந்த கண்ணாடி மாற்றுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் போடுவது வரைக்கும் யோசித்தவர்கள் திரைக்கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சட்டம் மௌனமான இடத்தில் ஓனர் அம்மா பேசுகிறார் என்று கொள்ள வேண்டும்.

பேசாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், கான்கிரீட். அதில் ஆணி அடித்தால் ஆணி வளையும், பூச்சு ஒரு ரூபாய் அளவுக்குப் பெயர்ந்து விழும், வெள்ளையாக ஒரு வடு நிற்கும். ட்ரில் மெஷின் வைத்துத் துளைத்து, பிளக் சொருகி, அப்புறம்தான் ஸ்க்ரூ. அந்தச் சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. ஆகவே முன்னோர் ஓட்டைகளைத் தேடிப் போனேன். ஹாலில் இரண்டு கொக்கிகள் இருந்தன, பெயிண்டோடு சேர்த்துப் பூசப்பட்டு. படுக்கையறையில் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் வெறும் ஓட்டை. அதில் பற்பசை அடைத்திருந்தது. காலி செய்யும்போது ஓட்டைக்குப் பற்பசை அடைப்பது வாடகைக்காரர்களின் தொன்மையான சுதைக்கலை. மூன்றாவது அறையில் ஒன்றும் இல்லை. முன்னவருக்கு அங்கே மறைக்க ஏதும் இருந்திருக்கவில்லை.

கொக்கி இருக்கிறதென்றால் மாட்ட வேண்டியது ஸ்பிரிங் ஒயர். சொந்த வீட்டில் பித்தளை ராடு, ஸ்டீல் ராடு, அதன் முனையில் மொட்டு மாதிரி ஒரு குமிழ் எல்லாம் வரும். வாடகை வீட்டின் தேசிய ராடு இந்த ஒயர்தான்: உள்ளே சுருள் கம்பி, மேலே வெள்ளை பிளாஸ்டிக் உறை. ஹார்டுவேர் கடையில் ஹால் அளவைச் சொல்லி அஞ்சடி வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் கத்தரியை எடுத்தபடியே, "நாலேகால் போதும் சார். முழு அளவு வாங்கினா தொட்டில் மாதிரி தொங்கும். குறைச்சு வெட்டி இழுத்து மாட்டணும், அப்பத்தான் விறைப்பா நிக்கும்" என்றார். பதினோரு மாதத்தில் நான் பெற்ற ஒரே உண்மையான இயற்பியல் பாடம் அது. அதை நடைமுறைப்படுத்தும்போது ஒரு முனை கையை விட்டு நழுவி முழங்கையில் அடித்தது. தழும்பு இருக்கிறது, தரவாகக் கொள்க.

துணி வாங்கும் கதை சுருக்கமானது. ஏனென்றால் வாங்கவில்லை. ரெடிமேட் திரைகள் அஞ்சடி, ஏழடி, ஒன்பதடி என்று மூன்று உயரத்தில் விற்கின்றன. சிறியது ஜன்னலுக்கு, மற்றவை கதவுக்கு. கரூரில் தறியடித்து உலகம் முழுக்கத் திரை அனுப்புகிறார்கள் என்றாலும் எங்கள் வீட்டில் தொங்குவது முகப்பேரில் வாங்கி, அயப்பாக்கம் வீட்டுக்கு மடித்துத் தைத்து, இங்கே வந்து மடிப்பைப் பிரித்த ஏழடித் துணி. பிரித்த இடத்தில் ஒரு முழத்துக்கு நிறம் புதிதாக இருக்கிறது. வாடகைக்காரர் வீட்டுத் திரையில் இப்படி எத்தனை கோடு இருக்கிறதோ அத்தனை வீடு மாறியிருக்கிறார் என்று அறியலாம், மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வது போல.

திசைப் பிரச்சினை இருக்கிறதே, அது கொஞ்சம் சீரியஸானது. "நார்த் ஃபேஸிங் சார், வெயிலே வராது" என்றார் புரோக்கர். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதன் பிறகு ஆகஸ்ட் பாதி வரைக்கும் உச்சிவேளையில் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக எட்டிப் பார்க்கும். அதாவது அக்னி நட்சத்திரம் முழுவதும் புரோக்கர் சொன்னது பொய். இதற்கு உள்ளே எந்தத் திரை போட்டாலும் வெளிச்சம்தான் குறையும். வெயில் கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகு துணியில் பட்டு என்ன பயன்? வெளியே தடுக்க வேண்டும். நம் தாத்தாக்கள் வெட்டிவேர்த் தட்டியை வாசல் பக்கம் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தது அதனால்தான். நானும் ஒரு மூங்கில் தட்டி வாங்கி பால்கனியில் கட்டினேன். மறுநாளே ஓனர் அம்மா மாடியேறி வந்தார். "தம்பி, எலிவேஷன் கெட்டுப் போகுது." தட்டி இப்போது பரணில் இருக்கிறது.

கடைசியாக, திரை எதற்கு என்ற அடிப்படைக் கேள்வி. மூன்றாம் மாடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மூன்றாவது அறையைத் திரையில்லாமலே விட்டிருந்தோம். அந்த ஜன்னல் ட்ரங்க் ரோட்டைப் பார்த்தது. அதன் நேரே, கிட்டத்தட்ட எங்கள் உயரத்தில், மெட்ரோ மேம்பாலம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் நான்காம் வழித்தடம். 2025-இல் பூந்தமல்லிக்கும் போரூருக்கும் இடையே சோதனை ஓட்டம் விட்டார்கள். ஒரு நாள் நான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் மெதுவாகப் போயிற்று. ஓட்டுநர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில் என்று எழுதியிருந்தார்கள். சோதனைக்கென்று உள்ளே ஆட்கள் இருப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை. ஒருவர் கையை உயர்த்தினார். வணக்கம் சொன்னாரா, வேறு ஏதாவது சுட்டிக் காட்டினாரா என்பதை உறுதிப்படுத்த இயலவில்லை. அன்று மாலை அந்த ஜன்னல் கிரில்லில் பழைய புடவை ஒன்றை என் மனைவி கட்டினார். "ஏங்க, இதுக்கு ஓட்டையும் வேணாம், ஒயரும் வேணாம்" என்றார். கோட்பாட்டுக்கு இது ஒரு விதிவிலக்கு; அவருடைய பெயரில்தான் பதிவு செய்ய வேண்டும்.

வரும் மாதம் காலி செய்கிறோம். ஒயரைக் கழற்றிக்கொண்டு போகிறேன், கொக்கிகளை விட்டுவிட்டுப் போகிறேன். அடுத்து குடிவருபவர் கவனிக்க: ஹால் நாலடி ஒன்பது அங்குலம், ஒயர் நாலேகால் அடி போதும். படுக்கையறையில் இடது பக்கம் இருப்பது பற்பசை. தோண்டினால் ஓட்டை கிடைக்கும்.