ஒரே காதல், மூன்று விலை

பதின்பருவத்தாருக்கான மாய நாவல்களைச் சேர்க்க வாசிப்பு ஆர்வம் போதாது; நிலையான வருமானம் வேண்டும். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005-இல் வந்தது. நாயகன் எட்வர்ட் 1901-இல் பிறந்தவன். 1918 விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்தவனை ரத்தக்காட்டேரி ஆக்கிக் காப்பாற்றினார்கள். சாகா வரம் கிடைத்த ஐயா அதை வைத்துச் செய்தது என்ன? திரும்பத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து உயிரியல் வகுப்பில் உட்கார்ந்ததுதான்!

2008-இல் நான்காம் பாகம் வந்தது. அப்பாடா என்றிருந்த சேகரிப்பாளரை விட்டார்களா? 2015-இல் அதே கதை, ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறி 'லைஃப் அண்ட் டெத்' ஆனது. 2020-இல் எட்வர்ட் தன் வாயாலேயே அதைச் சொல்ல, அறுநூறு பக்கங்களைத் தாண்டி 'மிட்நைட் சன்'. காட்டேரியாவது பசித்தால்தான் கடிக்கும்.

போதாததற்குச் சிறப்புப் பதிப்புகள்: தாள் ஓரத்தில் வண்ணம் பூசியது, அட்டை மட்டும் மாறியது, திரைப்பட நடிகர் முகம் போட்டது. கடைசி வகையைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். வரிசை குறையக்கூடாதே என்று அதையும் வாங்குவார்கள். உறையைப் பிரிப்பது மட்டும் கிடையாது, மதிப்புக் குறைந்துவிடுமாம்.

இந்தப் பித்து புத்தகத்தோடு நிற்கவில்லை. கதை நடக்கும் ஃபோர்க்ஸ், வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்த சிற்றூர். மழை கொட்டும் ஊர் எது என்று இணையத்தில் தேடி மேயர் அதைப் பிடித்தார். எழுதத் தொடங்கியபோது நேரில் பார்த்ததில்லை. இப்போது அங்கே செப்டம்பர்தோறும் ட்வைலைட் திருவிழா நடக்கிறது.