மூணு நாளைக்கு வாயைக் கட்டு, மருமவனே!

வா மருமவனே, உக்காரு. பீடிய விட்டுட்டியாமே! யாரும் சொல்லாட்டாலும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாளா ஒன் சத்தம் வாய்க்காத் தாண்டி இங்க வரைக்கும் கேக்கு. ரசத்துல உப்பு இல்லன்னு சண்டையாம்லா?

கை என்ன, சட்டப் பையத் தடவிக்கிட்டே இருக்கு? பேசும்போதும் ரெண்டு வெரல விரிச்சே வச்சிருக்க. நடுவுலதான் ஆளக் காணோம்.

மொறைக்காத. இந்தக் கோவம் ஒன்னுது இல்ல, நிகோட்டினோடது. ஒரு இழுப்பு இழுத்தா 10, 20 செகண்டுல மூளைக்கு ஏறிருது. 2 மணி நேரத்துல ரத்தத்துல பாதி காலி. அப்புறம் 'கொண்டா, கொண்டா'ன்னு உள்ளேருந்து பிடுங்கும். வரத்து நின்ன ரெண்டாம் நாளும் மூணாம் நாளுந்தான் அதுக்கு உச்சம். உறக்கம் பிடிக்காது, செய்யுத சோலில மனசு நிக்காது, காரணமே இல்லாம அழுக முட்டும். சீரியல் பாத்து அழுதேன்னு சொல்லிக்க.

காலையில பீடி பத்தவச்சாத்தான் ஒனக்கு வெளிக்கிப் போவும். இப்ப ஓடைப் பக்கம் போனா ஒரு மணி நேரம் ஆளு திரும்புததில்ல. கொடலுக்கும் பழக்கம் விடணும்லா? கொய்யாப்பழம் தின்னு, தண்ணிய நெறையக் குடி.

பீடிக்குப் பதிலா டீயா ஏத்துதியாம். அங்கதான் ஏமாந்துட்ட. பொகை உள்ள போற வரைக்கும் கல்லீரல் அரக்கப் பரக்க வேலை பாத்து, டீல இருக்க கஃபீனச் சீக்கிரமா கழிச்சுரும். பொகை நின்னா அது சாவகாசமாயிரும். அதே டீ ரத்தத்துலயே ரொம்ப நேரம் கெடக்கும். படபடப்பு கூடும், இருக்க உறக்கமும் போவும். நீ பாட்டுக்கு 'பீடி இல்லாமத்தான் இப்பிடி'ன்னு திரும்பப் பத்த வப்ப. டீயப் பாதியாக் கொறை. கடைக்காரன் வருத்தப்பட்டா படட்டும்.

பசி எடுக்கும், நாலஞ்சு கிலோ ஏறுனாலும் ஏறும். நல்லதுதான், இப்பக் கொடிக்கம்புல சட்டையக் காயப்போட்ட மாதிரி இருக்க.

'ஒண்ணே ஒண்ணு'ன்னு மனசு கெஞ்சும். அந்த ஆட்டம் அஞ்சு பத்து நிமிசந்தான். அதுக்குள்ள மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா. நாலு வாரத்துல ஓரளவு அடங்கிரும். நான் விட்டப்ப ஒங்க அத்தை அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டு நாலாம் நாளு வந்தா. கணக்குத் தெரிஞ்சவ.

ரொம்ப முடியலன்னா டாக்டரப் பாரு. மெல்லுததுக்கு நிகோட்டின் கம்மு குடுப்பாவ. பீடிக் கட்டுல பயங்கரமா படம் போட்டிருக்காம்லா, அதோட சேத்து 1800-11-2356ன்னு நம்பரும் இருக்கு. பேசக் காசு கெடையாது. இத்தன வருசமா படத்தக் கையால மறைச்சே கட்டப் பிரிச்ச ஆளு நீ, நம்பர எங்க பாத்திருக்கப் போற!

சரி, வீட்டுக்குப் போயி மொதல்ல அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளு. ரசம் நானும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிச்சேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு.