பின்னிணைப்புப் பொருளதிகாரம்

எழுத்துக்கும் யாப்புக்கும் அணிக்கும் இலக்கணம் கண்ட மொழியில், பணி அறிக்கையின் புகைப்படப் பின்னிணைப்புக்கு ஒரு நூற்பாகூட இல்லாதது பெருங்குறை. சிறுபாலம் கட்டினாலும், குளம் தூர்வாரினாலும், தெருவுக்குப் பேவர் பிளாக் பதித்தாலும், கடைசியில் மேலதிகாரியின் மேசைக்குப் போவது பாலமோ குளமோ தெருவோ அன்று. ஏ4 தாளில் கட்டம் போட்டு ஒட்டிய சில படங்களும் ஒரு வரைபடமுமே. அக்கட்டங்களின் இலக்கணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

புதிதாக ஒரு கோட்பாடு தேவையில்லை, பழையதே போதும் என்பது என் கருதுகோள். தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். இன்றைய பணிப்படம் ஒன்றின் கீழ்விளிம்பைப் பாருங்கள். மூலையில் தபால்தலை அளவில் ஒரு வரைபடம். பக்கத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி. நிலமும் பொழுதும் ஒரே பட்டையில் அடங்கிவிட்டன. ஜிபிஎஸ் கேமரா செயலிகளைச் செய்தவர்கள் பொருளதிகாரம் படித்திருக்க வாய்ப்பில்லை, படித்தவர்கள்போலவே செய்திருக்கிறார்கள்.

கருப்பொருளாவன ஜல்லிக் குவியல், கலவை இயந்திரம், சிமென்ட் மூட்டை, திட்டப் பெயர்ப்பலகை, அழைக்காமல் வந்த ஆடு. உரிப்பொருள் பெரும்பாலும் முல்லை. அதாவது, பில் பாஸாகும்வரை ஆற்றியிருத்தல். அளவுப் புத்தகத்தை முன்னிட்டு ஒப்பந்ததாரருக்கும் ஓவர்சியருக்கும் இடையே மருதம் நிகழ்வதும் உண்டு. அதைப் படமெடுக்கும் வழக்கம் இல்லை.

அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்ற விதியும் இங்கே வழுவாமல் காக்கப்படுகிறது. புதிதாகப் பதித்த குழாயைச் சுட்டுவிரலால் காட்டியபடி ஒருவர் நிற்பார். அவருக்குப் பெயர் கிடையாது. அவர் ஏன் நிற்கிறார் என்பதில் இரு கொள்கைகள் உண்டு. குழாயின் பருமனை ஒப்பிட்டு அறிவதற்கான அளவுகோலே அவர் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது; அவர் உயரம் எந்தப் படிவத்திலும் கேட்கப்படவில்லை. படத்தில் வேறொன்றும் இல்லாதபோதும் குழாயைக் கண்டுபிடிக்க முடியாத வாசகர் ஒருவர் மேலே இருக்கிறார் என்ற நம்பிக்கையில் நிற்கிறார் என்பதே சரி.

இனி, வேறுபாட்டுக்கு வருவோம். செய்யுளில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறப்புடையன என்பது தொல்காப்பியர் கொள்கை. பின்னிணைப்பில் இவ்வரிசை தலைகீழ். சுவர் பூசப்பட்டதா என்பதைவிட அது எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதே பெரிது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் உருவான சொத்துகளை இஸ்ரோவின் புவன் தளத்தில் இடக்குறியுடன் ஏற்றும் ஏற்பாடு 2016இல் தொடங்கியது. 2017 நவம்பர் முதல் பணிக்கு முன், பணியின்போது, பணிக்குப் பின் என மூன்று நிலைகளிலும் படம் வேண்டும் என்றானது. படிவத்தில் மூன்று கட்டங்கள் முளைத்தன. இவற்றுள் அரிதானது ‘முன்’. ஒன்றும் இல்லாததை யார் நினைவாகப் படமெடுத்து வைக்கிறார்கள்?

தொழில்நுட்பக் காரணமும் ஒன்று. இடத்தையும் நேரத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் படக்கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் முறை 1990களிலேயே ஜப்பானில் பிறந்துவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அக்குறிப்பு உதிர்ந்துவிடும். களத்திலிருந்து அலுவலகத்துக்கு எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆகவேதான் படத்தின் மேலேயே அச்சடிக்கும் வழக்கம் வந்தது. ஆட்டின் காலைப் பட்டை மறைத்தாலும் பரவாயில்லை.

அப்பட்டையில் அட்சரேகை ஆறு தசம இடம்வரை நீள்கிறது. ஆறாம் இடத்தின் மதிப்பு ஏறக்குறைய 11 செ.மீ., அதாவது அரைச் சாண். திறந்தவெளியில்கூடக் கைபேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தவறலாம். பாலம் இருக்குமிடத்தை அரைச் சாண் நுட்பத்தில் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் அதைக் கொண்டுபோய் வைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. 1802இல் பரங்கிமலையருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்த நில அளவையாளர் லாம்டன், வெப்பத்தால் சங்கிலி நீளும் அளவையும் கணக்கிட்டுத் திருத்தினார். நாம் எண்களை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறோம்.

கட்டங்களின் தொகை பற்றி நாற்கட்டத்தார், அறுகட்டத்தார் என இரு பள்ளிகள். அறுகட்டத்தாரே இன்று ஓங்கியிருக்கிறார்கள், தாள் மிச்சம். வெற்றுக்கட்டம் குற்றம் என்பதால், ஒரே சிறுபாலம் ஆறு கோணங்களில் தோன்றி ஆறு பாலங்களின் பெருமையை அடைகிறது. படுக்கைக் கட்டத்தில் நிமிர்ந்த படத்தை இழுத்துப் பொருத்துவோரும் உளர். அப்போது மேஸ்திரி பெருத்துவிடுவார். தூணும் உடன் பெருக்கும். அளவுப் புத்தகத்தில் மட்டும் பெருக்காது.

வரைபடத்துக்கு வந்தால், குறிவிளக்கப் பெட்டியில் ஒரே ஒரு வரி: சிவப்புப் புள்ளி, ‘பணி இடம்’. அளவையோ ‘1:10,000’. ஏ3 தாளுக்கு வரைந்ததை ஏ4இல் சுருக்கி அச்சிட்டால் அது ஏறக்குறைய 1:14,000 ஆகிவிடும். எழுதிய எண் மட்டும் மாறாமல் நிற்கும். கோட்டளவையாக வரைந்திருந்தால் படத்தோடு தானும் சுருங்கி உண்மை பேசியிருக்கும். கியூஜிஐஎஸ் மென்பொருளின் அட்லஸ் வசதியால் ஒரே வார்ப்பிலிருந்து நூறு ஊர்களின் வரைபடங்களை ஒரு சொடுக்கில் பெறலாம். வார்ப்பில் அளவையை எண்ணாகவே தட்டச்சு செய்திருந்தால் நூறு ஊர்களுக்கும் நீதி ஒன்றே.

முதற்பொருளே முதன்மை என்ற என் முடிவுக்கு உரமூட்டும் சான்று 2025 ஜூலையில் கிடைத்தது. நூறு நாள் வேலையின் வருகைப்பதிவுச் செயலி தவறாகப் பயன்படுத்தப்படும் வழிகளைப் பட்டியலிட்டு ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அவற்றுள் ஒன்று, நேரில் எடுக்காமல், ஏற்கெனவே உள்ள படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றுதல். இலக்கண நோக்கில் இது அற்புதமான படைப்பு. பணியிடத்தில் நின்றே அப்படி எடுத்தால் நிலம் சரி, பொழுது சரி. கருவும் உரியும் மட்டும் வேறொரு நாளுடையவை. இதைத் திணைமயக்கத்தில் அடக்குவதா என்பது புலவர் மன்றத்துக்குரிய வினா.

படிவத்தைத் திருத்த நான் முன்வைப்பது ஒன்றே. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். அதே எண் வரைபடத்திலும். அதிலிருந்து கேமரா நோக்கிய திசைக்கு ஒரு சிறு அம்புக்குறி. இது இருந்தால் பின்னிணைப்பைப் புரட்டுபவர், எந்தப் படம் எங்கிருந்து எதைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதைத் தளத்துக்குப் போகாமலே அறிவார். ஆறு படங்களும் ஒரே இடத்தில் நின்று காலை நகர்த்தாமல் எடுத்தவை என்பதையும் அறிவார். மறுப்போர் எழுப்பும் தடை, வரைபடத்தில் அம்புக்கு இடமில்லை என்பது. தடை நியாயமானதே, அங்கே மூன்று லோகோக்கள் இருக்கின்றன.