தானே தவில், தானே நாயனம்

கேள்வி: தன் புத்தகத்துக்கு எழுத்தாளரே விளம்பரம் செய்வது கௌரவக் குறைச்சல் இல்லையா?

பதில்: அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் காதில் விழுந்தால் சிரிப்பார். 1855-இல் ‘புல்லின் இதழ்கள்’ தொகுப்பைச் சொந்தமாக வெளியிட்டு, பெயர் போடாமல் தானே பத்திரிகைகளில் மதிப்புரையும் எழுதிக்கொண்டவர் அவர். கஞ்சத்தனமில்லாத புகழ்ச்சி! சிந்தனையாளர் எமர்சன் தனிக் கடிதத்தில் பாராட்டியதும், ஒரு வார்த்தை கேட்காமல் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து அடுத்த ஆண்டுப் பதிப்பின் முதுகில் தங்க எழுத்தில் பொறித்துவிட்டார்.

நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். புத்தகக் காட்சியில் சாயங்காலம் பதிப்பாளர் அரங்கில் நில்லுங்கள். புரட்டுகிறவரிடம் முழுக்கதையையும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் எதற்கு வாங்குவார்? நண்பர்களுக்கு மட்டும் இலவசப் பிரதி கூடாது. ‘படிச்சாச்சா?’ என்று நீங்கள் கேட்கப் பயந்து, பதில் சொல்ல அவர்கள் பயந்து, கல்யாண வீட்டில்கூட ஆளுக்கொரு பந்தியில் உட்கார வேண்டியிருக்கும்.