வரலாற்றுக்குத் தனித்தேர்வர்

பிளஸ் டூ வரலாற்றைத் தனித்தேர்வராக எழுதப் போகிறேன் என்று மயிலாப்பூரில் சொல்லிப் பாருங்கள். "அச்சச்சோ, ஆத்துல ஏதாவது கஷ்டமா?" என்பார் எதிர்வீட்டு மாமி. கணக்குக்குத் தெருவுக்குத் தெரு டியூஷன் உண்டு, வரலாற்றுக்கு வாத்தியார் கேட்டால், "சி.ஏ.வுக்கு வேணா ஒருத்தர் இருக்கார்" என்பார்கள்.

மிஞ்சுவது நோட்ஸ்தான். வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள். 1885இல் பம்பாயில் முதல் காங்கிரஸ், வந்தவர்கள் 72 பேர் என்று தூக்கத்திலும் ஒப்பிக்கலாம். ஆனால் 1884 டிசம்பரில் இதே மயிலாப்பூரில், திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் 17 பேர் கூடிப் பேசியதில்தான் காங்கிரஸ் என்ற யோசனை முளைத்தது என்று அன்னி பெசன்ட் எழுதிவைத்திருக்கிறார். ஐந்து மார்க் விடையில் இதைச் சேர்த்துவிடாதீர்கள். விடைக்குறிப்பில் இல்லாத வரலாறு நடக்கவே இல்லை.

போர்ச்சுகீசியர் குடியேறிய சாந்தோம், 1516 என்று கல்வெட்டு சொல்லும் லஸ் தேவாலயம், கடலோரத்திலிருந்து இடம்மாறியதாகச் சொல்லப்படும் கபாலி கோயில் எல்லாமே நடக்கிற தூரம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வெளியே சுற்றலாமா? அறைக்குள் உட்கார்ந்து பாஸ்டில் வீழ்ந்த தேதியை உருப்போடுவதுதான் ஒழுக்கம்.

விண்ணப்பத் தேதி தவறினால் தக்கல் உண்டு, கூடுதல் கட்டணத்தோடு. நூற்றாண்டுகளைக் கரைத்துக் குடிக்கிறவனுக்கு ஒரு நாள் தாமதத்துக்குக்கூட இலவசச் சலுகை கிடையாது.