சூம் சேர்

2020 மார்ச்சில் கொவிட் வந்து ஒலுவில் கெம்பஸ் உட்பட எல்லாப் பல்கலைக்கழகங்களையும் மூடியபோது கல்முனைக் கரையோரத்தில் தோன்றியவர் சூம் சேர். மேலே இஸ்திரி போட்ட நீளக்கைச் சட்டை, கீழே சாரன், பாடம் வரலாறு. கமராவை மூடிய கறுப்புக் கட்டங்களைப் பார்த்து 'விளங்குதா?' என்பார். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு 'ஓம் சேர்' எழுத்தில் வரும். அது எந்தக் கேள்விக்கான பதில் என்பது தனி ஆய்வு. சிரிக்கலாம். ஆனால் கண்ணில் படாத ஆட்களைப் பற்றி அற்பச் சான்றுகளை வைத்துப் பேசுவதுதானே வரலாற்றுக்காரர் தொழில்! தவறித் திறந்த மைக்கில் தறிச் சத்தம் கேட்டால் பிள்ளை மருதமுனை. மீன் ஏலம் கேட்டால் மாளிகைக்காடு. லுஹர் பாங்கு இழுத்து இழுத்துக் கேட்டால் கோளாறு முஅத்தினிடம் இல்லை, நெட்வேர்க்கில். வரவுப் பதிவில் பெயர் இருப்பதும் ஆள் இருந்ததும் ஒன்றல்ல என்ற மூலாதார விமர்சனத்தை இதைவிடத் தெளிவாக எந்த நூல் கற்பிக்கும்?

'என்ன இருந்தாலும் நேரில் படிப்பதுபோல் வருமா?' என்பார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு நிறுத்திய காலிக் கல்வெட்டையே எடுப்போம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குமாகக் காணிக்கையைச் சொல்லும் அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்முனையில் இரவு பஸ் ஏறினால்தான் விடியப் பார்க்கலாம். விரிவுரை மண்டபத்தில் அதன் படத்தைக் காட்டினால் கடைசி வாங்குக்குத் தெரியாத எழுத்து, திரையில் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் பெரிதாகும். ஒரே கல் மூன்று கூட்டத்தாரிடம் மூன்று விதமாகப் பேசுவதை அங்கேயே விவாதிக்கலாம். டேட்டாவுக்குக் காசில்லாத பிள்ளைக்கும், 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாதிருந்த வீட்டுக்கும் இந்த நியாயம் எட்டாது என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம் போனும் ரெகோர்டிங்கும், சூமைத் திட்டுவதல்ல. மிஞ்சிய குற்றம் சேருடையது. ஒரு மணித்தியாலம் பி.டி.எஃப்.ஐ வரிக்கு வரி வாசிக்கிறவருக்கு மண்டபத்திலும் அதே நித்திரைதான் கிடைக்கும். அங்கே கண்ணைத் திறந்துகொண்டு தூங்க வேண்டும் என்பதுதான் பிள்ளைகளுக்குக் கூடுதல் சிரமம்.